பூச்சு பொய்யாகுமா?

பழைய கணினி ஒன்றின் பெட்டிக்கு வீட்டிலேயே சாயம் அடிப்பது நேர்மையான செயலா, அன்றா என்று ஒருவன் கேட்பானாயின், அவனுக்கு வேறு வேலை இல்லை போலும் என்று எண்ணுவோரே நம்மிற் பலராயிருப்பர். சாயம் டின்னில் இருக்கிறது. பெட்டி மேசையின்மேல் இருக்கிறது. விரலால் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. இதில் நேர்மை எங்கிருந்து வந்தது என்பர். ஆயினும் இச்சிறு செயலுக்குள் அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் ஒரு கேள்வி அடங்கிக் கிடக்கிறது. ஒரு பொருளின் மேற்புறத்தை மாற்றுவது, அப்பொருளைப் பற்றிப் பொய் சொல்வதாகுமா, ஆகாதா என்பதே அது. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்போன்றோருக்கு இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. நம் கைப்பணத்தையும் நம் பிள்ளைகளின் படிப்பையும் தொடுவதாகும். எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் நம் தாய்மொழியையே சாட்சிக்கு அழைப்போம். தமிழ் வழக்கு சாயத்தின்மீது நல்லெண்ணம் கொண்டதாகத் தோன்றவில்லை. குற்றத்தை மறைத்துப் பேசுகிறவனைப் 'பூசி மெழுகுகிறான்' என்கிறோம். ஒருவனுடைய வேஷம் கலைந்தால் 'சாயம் வெளுத்துவிட்டது' என்கிறோம். உள்ளொன்றும் புறமொன்றுமாய் நடப்பவனை முலாம் பூசிய பித்தளை என்று இகழ்கிறோம். வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே தீர்ப்பு எழுதியாயிற்று என்று சொல்லலாம்.

ஆனால் இவற்றுள் முதலாவதைச் சற்று நின்று நோக்குவோம். பூசுதலும் மெழுகுதலும் ஆதியில் எதனைக் குறித்தன? மண்வீட்டில் வாழ்ந்த நம் பாட்டிமார், தரையில் வெடிப்புக் கண்டவிடத்து மண்ணைக் குழைத்து அடைத்து, அதன்மேற் பூசி, சாணமிட்டு மெழுகினர். குனிந்த முதுகு நிமிராமல் அவர்கள் செய்த அவ்வேலை, வீட்டைத் துப்புரவாக வைத்திருந்த உழைப்பு. அதிற் பொய் ஏது? அவ்வளவு நேர்மையான உழைப்பின் பெயர் ஏமாற்று வித்தையின் பெயராக எங்ஙனம் மாறிற்று? விடை எளிது. வெடிப்பை அடைத்துவிட்டும் மெழுகலாம், அடைக்காமலும் மெழுகலாம். மெழுகி முடித்த அன்று இரண்டு தரைகளும் ஒன்றுபோலவே தோன்றும். கையின் அசைவும் ஒன்றே, சாணமும் ஒன்றே. மழைக்காலம் வந்து, வெடிப்பின் வழியே எறும்பும் பூரானும் ஏறிவரும் அன்றுதான் எந்தத் தரை எத்தகையது என்று தெரியும். ஆகவே நம் முன்னோர் இகழ்ந்தது மெழுகுதலையன்று. அடைக்காமல் மெழுகுதலையே என்று கொள்ளுதல் பொருந்தும்.

நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதையும் அவ்வாறே. பஞ்சதந்திரத்தில் வரும் அந்நரியைச் சாயத்துக்கு எதிரான சான்றாகச் சிலர் எடுத்துக் காட்டுவர். நான் அதற்கு உடன்படேன். நரி சாயத்தைத் தானே விரும்பிப் பூசிக்கொள்ளவில்லை. துரத்திவந்த நாய்களுக்கு அஞ்சித் தொட்டியில் விழுந்தது, நிறம் ஏறிற்று. அதுவரையில் அதன்மேற் குற்றம் ஒன்றுமில்லை. காட்டுக்குப் போய், 'உங்களை ஆள வந்த அரசன் நான்' என்று விலங்குகளிடம் அது சொன்னபோதுதான் பொய் பிறந்தது. கடைசியில் அதனைக் காட்டிக்கொடுத்ததும் சாயம் அன்று, அதன் ஊளை.

ஆங்கிலம் கற்றோர் அறிந்த ஜான் ரஸ்கின் என்னும் பேரறிஞர், கட்டடக் கலையைப் பற்றி 1849ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஏழு விளக்குகள்' என்னும் நூலில் இதனை ஆராய்ந்திருக்கிறார். மரத்தின்மீது சலவைக் கல்லின் ரேகைகளைத் தீட்டி, அதனைக் கல்லென்று நம்பவைப்பது பொய் என்பது அவர் கொள்கை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதையோ அவர் பொய்யென்று சொல்லவில்லை. சுண்ணாம்பு தன்னைச் சுண்ணாம்பாகவே காட்டிக்கொள்கிறது. தன் கீழ் இருப்பது இன்னதென்று அது சாதிக்கவில்லை என்பது அவர் காட்டும் காரணம். நரியின் கதையும் ரஸ்கினின் வாதமும் ஓரிடத்தில் வந்து சேர்வதைக் காணலாம். இரண்டும் நிறத்தை விடுத்து, நிறம் செய்யும் உரிமைக் கோரிக்கையையே குற்றம் சாட்டுகின்றன. இக்கொள்கையின்படி, கணினிப் பெட்டிக்கு நீலம் அடித்தால் பாவமில்லை. தகரத்தைத் தங்கமென்றோ, சாதாரணப் பிளாஸ்டிக்கை விலையுயர்ந்த கரிநார் என்றோ காட்டும் பூச்சு அடித்தால்தான் பாவம்.

கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் இது முழுமையான விடையன்று என்பதே என் எண்ணம். அதனை நிறுவுமுன் கைவேலையைப் பார்த்துவிடுவோம். ஏனெனில் சாயம் அடிப்பவனுடைய கை அறிந்ததை, சாயத்தைப் பற்றி வாதிடுபவனுடைய நாக்கு பலசமயம் அறிவதில்லை.

கணினிப் பெட்டி என்பது பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகடு. துருப் பிடியாதிருக்க ஆலையிலேயே அதன்மேல் துத்தநாகம் ஏற்றப்பட்டிருக்கும். நம் வீட்டுத் தகரக் கூரைக்கும் இதே காப்புத்தான். இத்துத்தநாகத்தின் இயல்பு வியக்கத்தக்கது. தகட்டில் கீறல் விழுந்தால், காற்றும் ஈரமும் முதலில் துத்தநாகத்தையே தின்னும். அது தீருமட்டும் அருகிலுள்ள இரும்பு பிழைத்திருக்கும். மேற்பூச்சு என்றாலே வெளிவேஷம் என்று பேசுவோர், தன்னை அரிக்கக் கொடுத்துத் தன் கீழுள்ளதைக் காக்கும் இப்பூச்சை என்ன பெயரிட்டு அழைப்பார்களோ!

பெட்டியின் முகப்பு மாத்திரம் பிளாஸ்டிக். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பெட்டிகளில் அது பழுப்பும் வெண்மையும் கலந்த நிறமாய் இருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் கணினி என்றால் அந்த ஒரே நிறந்தான். ஆப்பிள் நிறுவனம் 1998இல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நீலப்பச்சைக் கணினியை வெளியிட்டபோது மக்கள் அதிசயித்தது இதனாலேயே. அப்பழைய முகப்புகள் நாளடைவில் மஞ்சளித்துப் போகின்றன. பலர் அதனை அழுக்கென்று எண்ணிச் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கை சலித்துப் போவர். அழுக்கன்று அது. வெயிலொளியும் வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே மாற்றிவிடுகின்றன. தீப்பற்றாதிருக்க அதில் சேர்த்த புரோமின் கலந்த பொருளும் அதற்குத் துணைபோவதாகக் கூறுவர். உழைத்துக் கறுத்த முகம் போன்றதே அம்மஞ்சள் நிறம்.

இப்பெட்டிக்குச் சாயம் ஏற்ற விரும்புவோன் முதலிற் செய்ய வேண்டியது கழற்றுதல். உள்ளிருக்கும் தாய்ப்பலகை, தட்டு, விசிறி, கம்பிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மின்வழங்கியையும் அப்படியே எடுத்து வைக்கலாம். ஆனால் அதனைத் திறத்தல் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் ஆபத்தான மின்விசை தேங்கி நிற்கும். அடுத்தது கழுவுதல். எண்ணெய்ப் பசை ஒரு விரல் ரேகையளவு இருந்தாலும் அவ்விடத்தில் சாயம் பிடியாது. பின்னர் உப்புத்தாளால் தேய்த்தல். 400ஆம் எண் தாளை நனைத்து, மேற்பளபளப்பு மடியுமட்டும் இலேசாகத் தேய்த்தாற் போதும். துருக் கண்ட இடத்தில் மாத்திரம் இரக்கம் காட்டாமல், இரும்பு வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். துருவின்மேல் அடித்த சாயம் அதனை நிறுத்தாது. ஈரமும் காற்றும் உள்ளே புகுந்து, துரு சாயத்தின் கீழேயே பரவி, சில மாதங்களில் கொப்புளமாய் எழும்பும்.

இங்கே ஒரு வார்த்தை. ஆங்கில வழியில் நாலெழுத்துப் படித்து மேசைமுன் உட்கார்ந்துவிட்டவன் உப்புத்தாளைக் கையில் எடுப்பது கௌரவக் குறைவு என்னும் ஒரு நோய் நம்மிடையே உண்டு. நான் வீட்டு முற்றத்தில் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "கிராணியாருக்கு இந்த வேலை எதற்கு? ஒரு பையனைக் கூப்பிட்டால் முடித்துக் கொடுப்பானே" என்று அக்கறையோடு கேட்டவர் உண்டு. கூப்பிட்டால் வரும் அந்தப் பையனுக்கும் இரண்டு கைகள், எனக்கும் இரண்டு கைகள். அவன் கைக்கு ஒட்டும் தூசு என் கைக்கு மட்டும் ஒட்டாதென்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

நிற்க. தேய்த்துத் துடைத்த பின் அடிப்பூச்சு. பிளாஸ்டிக் முகப்புக்கு அதற்கென்று விற்கும் அடிப்பூச்சே வேண்டும். அது காய்ந்த பிறகே நிறம். டின்னை ஓரிரு நிமிடம் நன்றாய்க் குலுக்கி, ஓரடித் தூரத்திற்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, பெட்டியின் ஓரத்துக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, மறு ஓரத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும். முதற் பூச்சு மெல்லியதாக, அடிநிறம் தெரியுமாறு, பார்ப்பதற்குத் திருப்தியற்றதாகவே இருத்தல் வேண்டும். அவசரக்காரன் முதற் பூச்சிலேயே முழு நிறத்தையும் காண ஆசைப்பட்டுக் கனமாக அடிப்பான்; சாயம் கண்ணீர்போல் வழிந்து நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு விட்டு மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் அடிப்பதே முறை. நம் நாட்டின் ஈரக்காற்று இதற்குப் பெரிய பகை. மழை இருட்டிக்கொண்டு வரும் பிற்பகலில் அடித்தால், சாயத்திலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேற் படிந்து, நிறம் பால் படர்ந்தாற்போல் வெளுத்துப்போகும். வெயில் ஏறிய முற்பகலே தக்க வேளை. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்; கீறினால் பெயராத உறுதி வருவதற்குப் பல நாட்கள் ஆகும்.

இவ்வேலை முன்னாளில் பட்டறைக்காரருக்கே உரியதாய் இருந்தது. காற்றழுத்த இயந்திரமும் துப்பாக்கி போன்ற கருவியும் வேண்டியிருந்தன. அமெரிக்காவில் இலினாய் மாகாணத்தில் சாயவாணிபம் செய்த எட்வர்டு சீமோர் என்பவர் 1949இல் சாயத்தை அழுத்தவாயுவோடு டின்னில் அடைத்தார். அந்த யோசனையைச் சொன்னவர் அவருடைய மனைவியார் போனி என்பர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் மலேரியாக் கொசுவைக் கொல்லக் கையோடு கொண்டுசென்ற மருந்து டின்னே இதற்கு முன்னோடி. இன்று சில வெள்ளிகளுக்கு எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கிறது.

எளிதாகக் கிடைப்பதனாலேயே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய டின்களில் இருந்த வாயு வானத்தின் ஓசோன் படலத்தைக் கெடுப்பதாக 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர். 1987இல் மொன்றியால் நகரில் உலக நாடுகள் அதனைக் குறைக்க உடன்பட்டன. அதற்குப் பதிலாக இன்று பெரும்பாலும் அடைக்கப்படுவது அடுப்பு வாயுவின் இனத்தைச் சேர்ந்தது, எளிதில் தீப்பற்றும். அதனோடு வரும் கரைப்பான்களின் ஆவி தலைசுற்றலைத் தரும், நுரையீரலை வருத்தும். ஆவியைத் தடுக்கும் கரிவடி பொருத்திய முகக்கவசம் அணிந்து, திறந்தவெளியிலேயே அடிக்க வேண்டும். துணிக் கவசம் இதற்கு உதவாது. லயத்து வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. பட்டணத்து அடுக்குமாடிகளில் ஒருவர் வராந்தா மற்றவர் சன்னலுக்கு நேர். அடுத்த வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா, அங்கே இளைப்பு நோயுள்ள பிள்ளை இருக்கிறதா என்று பாராமல் தெளிப்பவன் எவ்வளவு அழகாக முடித்தாலும் நான் அதனை அழகென்று ஒப்பமாட்டேன். நம் பெட்டியின் பூச்சு பிறர் மூச்சிற் கலக்கலாகாது.

இனி, சாயம் அடிப்போர் பலரும் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். பெட்டியில் சில இடங்களில் சாயம் படவே கூடாது. தாய்ப்பலகையைத் தாங்கும் சிறு தூண்கள் நிற்கும் இடம், திருகாணி இறங்கும் துளைகளைச் சுற்றிய வளையம், மின்வழங்கி ஒட்டி நிற்கும் பின்தகடு ஆகிய இவ்விடங்களில் இரும்பு இரும்பைத் தொட வேண்டும். கம்பியில் பழுது ஏற்பட்டுப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால், அது இவ்விடங்கள் வழியாகவே சென்று, மூன்றுமுனைச் செருகியின் பெரிய முனையின் வழியே தரையிறங்கும். சாயமோ மின்சாரத்தைக் கடத்தாது. அழகுக்காக எல்லா இடத்தையும் மூடியவன், ஆபத்து வெளியேறும் வழியையும் சேர்த்து மூடிவிடுகிறான். ஆகையால் தேர்ந்த கையுடையோர் தெளிக்கத் தொடங்குமுன் ஒட்டுநாடா கொண்டு இவ்விடங்களை மறைத்து வைப்பர். காற்றுத் துளைகளும் அடைபடாமல் பார்த்துக்கொள்வர். அதே நாடாவில் ஒரு துண்டை, பெட்டியின் பின்புறத்தில் செய்தவர் பெயர், வகை, வரிசை எண் ஆகியன அச்சிட்ட சீட்டின்மீதும் ஒட்டுவர். சீட்டு வெளியே தெரிய வேண்டும் என்பதன் காரணம் பின்வருவதிலிருந்து விளங்கும்.

கொரோனா நோய் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மலேசியப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டிலும் 2021இலும் பிள்ளைகள் பல மாதங்கள் வீட்டிலிருந்தே கருவிகளின் வழியாகப் படிக்க நேர்ந்தது. பெருநகரங்களுக்கு வெளியே அப்போது சட்டம் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 வெள்ளி. எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், பெண்பிள்ளை ஒருத்தியின் படிப்புக்காக, பட்டணத்துக் கடையொன்றில் அறுநூறு வெள்ளி கொடுத்துப் பழைய கணினி ஒன்றை வாங்கினார். பத்து நாள் ஓடிற்று, பின்னர் உயிரில்லை. தோளிற் சுமந்து ஆபீசுக்குக் கொண்டுவந்தார். "புதியதுபோலவே பளபளவென்று இருந்தது ஐயா. அதை நம்பித்தான் வாங்கினேன்" என்றார்.

உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது, நல்ல கறுப்பு. கூர்ந்து நோக்கினால் சாயத்துக்குள் தூசும் மயிரும் புதைந்து கிடந்தன. கழுவாமல் அடித்த சாயம். பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே அடித்தளம் முழுதும் செந்துரு. விசிறி சுழலவில்லை. தாய்ப்பலகையில் வரிசையாய் நிற்கும் மின்தேக்கிகளில் நான்கு ஐந்து தலை வீங்கி வெடித்து, பழுப்பு நீர் கசிந்து காய்ந்திருந்தது. பின்புறத்துச் சீட்டின்மேலும் கறுப்புச் சாயம். நகத்தாற் சுரண்டியபோது உற்பத்தி ஆண்டு தெரிந்தது: 2008.

அவர் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டார். கடைக்காரர் சொன்ன மறுமொழியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். "புதியது என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பழையது என்று சொல்லித்தானே விற்றேன். நீர் பார்த்துத்தானே வாங்கினீர்?" என்றாராம். சொல்லளவில் இது மெய். அவர் எதனையும் சாதிக்கவில்லை. அவர் அடித்த சாயமும் சாயமாகவே தன்னைக் காட்டிக்கொண்டது. ரஸ்கினின் நூலைப் படித்தறியாத அவ்வணிகர், அந்நூலின் வாதத்தை ஏறக்குறைய அப்படியே தமக்குக் கேடயமாக்கிக்கொண்டார். கொள்கை முழுமையன்று என்று மேலே நான் சொன்னது இதனால்தான். கோயிற் சுவரையும் மாளிகைத் தூணையும் பார்த்து நிற்பவனுக்கு அக்கொள்கை போதும். சம்பளத்தில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நிற்பவனுக்குப் போதாது.

எது வேண்டும்? சாயத்தின் கீழே இருப்பதை அறிந்துகொள்ள உரிமையுள்ளவன் ஒருவன் எதிரே நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று வீட்டு மாட்டின் கொம்புக்குச் சிவப்பும் நீலமும் பூசுகிறோம். மாட்டைப் பற்றி ஒருவருக்கும் நாம் பொய் சொல்லவில்லை. பசுவின் கொம்பிலுள்ள வளையங்களைக் கொண்டு அதன் வயதை மதிப்பிடுவது மாடு வளர்த்தோர் அறிந்த முறை. சந்தைக்குப் போகும் காலையில், தரகன் அவ்வளையங்களைச் சீவித் தேய்த்து அதே சாயத்தைப் பூசுவானாயின், வாய் திறவாமலேயே பொய் சொல்கிறான். சீட்டின்மேல் கறுப்பு அடித்த கடைக்காரர் செய்ததும் அதுவே. மஞ்சளித்த முகப்பை மறைத்ததற்கு ஒருகால் அழகு என்று காரணம் சொல்லலாம். மேசைக்குப் பின்புறம், சுவரைப் பார்த்து நிற்கும் சீட்டை மறைத்ததற்கு என்ன காரணம் சொல்வார்? அங்கே அழகைக் காண்பது பல்லிதானே!

இன்னொன்றும் உண்டு. உழைப்பு எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். மேலே நான் விவரித்த வேலையில் நூற்றுக்கு எண்பது பங்கு சாயத்துக்கு முந்திய வேலை. கழற்றியவன் உள்ளிருக்கும் துருவைக் காணாதிருக்க முடியாது. கண்டவன் தேய்க்காதிருக்க வெட்கப்படுவான். பொய்ப்பூச்சுக்காரனுக்கோ டின்னும் பத்து நிமிடமுமே போதும்.

தோட்டத்துப் பெரியவர்கள் பழங்காலம் பேசும்போது ஒன்று சொல்வார்கள். மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றால், லயத்தின் பாதையோரச் சுவர்களுக்கு மாத்திரம் விடியுமுன் சுண்ணாம்பு அடிப்பார்களாம். உள்ளே கூரை ஒழுகும், சாக்கடை தேங்கும். வந்தவர்கள் மோட்டாரில் இருந்தபடியே வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அச்சுண்ணாம்பைப் பார்க்க வந்த அதிகாரிக்கு உள்ளே நிலைமை என்னவென்று அறியும் கடமை இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அவர் அறிய வேண்டிய தேவை இருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வாளிச் சுண்ணாம்பு நின்றது.

இனிக் கடினமான ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தகப்பன், ஆபீசில் கழித்துப் போட்ட கணினியை அனுமதி பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்து, பழுது நீக்கி, பிள்ளையின் மேசையில் வைக்கிறான். இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஆனால் மஞ்சளித்த பெட்டியைப் பார்த்துத் தோழர்கள் சிரிப்பார்களே என்று பிள்ளை கூசுகிறது. தகப்பன் நாள் முழுதும் உழைத்து அதற்கு நீலம் ஏற்றிக் கொடுக்கிறான். வரும் தோழர்கள் புதியதென்று எண்ணிக்கொள்கிறார்கள். தகப்பனும் பிள்ளையும் பொய்யர்களா?

சீர்திருத்தம் பேசும் நண்பர்கள் சிலர் ஆம் என்பர். வறுமையை மறைப்பது போலிக் கௌரவம். இரவல் நகை பூட்டிக் கலியாணப் பந்தலில் நிற்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை என்பர். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஊருக்குக் காட்டுவதற்காகக் கடன்பட்டு அழிந்த குடும்பங்களை எண்ண என் இரு கை விரல்களும் போதா. ஆயினும் இங்கே அவர்கள் சட்டத்தை ஆளறியாமல் வீசுகிறார்கள். இரவல் நகை பிறருடையது, இக்கணினி அத்தகப்பனுடையது. இரவல் நகைக்குப் பின்னே கடன் நிற்கும். இந்நீலத்துக்குப் பின்னே இரண்டு டின் சாயமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நிற்கின்றன. மாதத் தவணையில் புதுக் கணினி வாங்கியிருந்தால் தோழர்களின் வாயை இன்னும் நன்றாக அடைத்திருக்கலாம். அதனை மறுத்தே அவன் உப்புத்தாளை எடுத்தான். பிள்ளையின் கணினி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அறியும் உரிமை, விளையாட வந்த தோழனுக்கு இல்லை. அவன் அதனை விலைக்கு வாங்கப் போவதில்லை. அதனை நம்பி எதனையும் இழக்கப் போவதுமில்லை. சட்டையின் கிழிசலைத் தைத்துப் போட்டுக்கொள்பவன் ஊருக்குப் பொய் சொல்கிறான் என்று எவரேனும் சொல்வார்களா?

ஆனால், "புதியதா?" என்று தோழன் கேட்கும்போது, "ஆம், கடையில் வாங்கினோம்" என்று பிள்ளை சொல்லுமானால், அங்கே நரி ஊளையிடத் தொடங்கிவிடுகிறது. அதனைச் சாயத்தின் தலையில் கட்டுதல் ஆகாது. "பழையதுதான், அப்பா சாயம் அடித்தார்" என்று அப்பிள்ளை சொல்லுமாறு வளர்ப்பது தகப்பனால் ஆகக்கூடியதே. தேய்க்கும்போது உடன் உட்காரவைத்து ஒரு துண்டு உப்புத்தாளை அதன் கையிலும் கொடுத்தாற் போதும். தன் கை பட்ட பொருளைப் பழையதென்று சொல்ல எந்தப் பிள்ளையும் வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துவந்து காட்டத்தான் கண்டிருக்கிறேன்.

இயந்திரத்தின் வேகம் சாயத்தால் கூடப்போவதில்லையே, வெறும் ஆடம்பரந்தானே என்பாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கழிக்கப்பட்ட கணினி நம் நாட்டில் சாதாரணக் குப்பையன்று. 2005ஆம் ஆண்டின் விதிகள் மின்னணுக் கழிவைத் தனியே பட்டியலிட்டுக் கட்டுப்படுத்துகின்றன. அதிலுள்ள ஈயம் முதலிய நஞ்சுகள் மண்ணிலும் நீரிலும் கலத்தல் ஆகாது என்பதே காரணம். பார்க்கச் சகிக்காத பொருளைத்தான் மனிதன் முதலில் தூக்கி எறிகிறான். கண்ணுக்கு இனியதாய் ஆக்கப்பட்ட பழம்பொருள் மேலும் மூன்று நான்கு ஆண்டுகள் மேசையில் நின்றால், நம் ஆற்றுக்கு அவ்வளவு லாபம்.

மேற்சொன்ன தொழிலாளியின் பணம் முழுதும் திரும்பவில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தன்மையைப் பற்றி மக்களை மயக்கும் நடத்தையைத் தடுக்கிறது என்பதையும், வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். அவர் ஒருநாட் கூலியை இழந்து பட்டணம் போக விரும்பவில்லை. தீர்ப்பாயம் என்ற பேச்சைக் காதில் போட்ட பின் கடைக்காரர் இருநூறு வெள்ளியைக் கொடுத்தார். அதனோடு அவர் அடங்கிவிட்டார். விசிறியும் தாய்ப்பலகையும் வேறொரு பழைய இயந்திரத்திலிருந்து எடுத்துப் பொருத்தினோம். அப்பெண் அதிற் படித்தே பரீட்சை எழுதினாள்.

பழைய கணினி வாங்கப் போகும் அன்பர்கள் சட்டைப் பையில் சிறு திருப்புளி ஒன்றைக் கொண்டுபோவது நலம். பெட்டியின் பின்புறத்துச் சீட்டை முதலில் படிக்கலாம். பக்கத் தகட்டைப் பெரும்பாலும் இரண்டு திருகாணிகளே பிடித்திருக்கும். கழற்ற ஒரு நிமிடம் ஆகாது. உள்ளே விசிறியை விரலால் தள்ளிப் பார்க்கலாம். மின்தேக்கிகளின் தலை தட்டையாய் இருக்கின்றனவா என்று நோக்கலாம். அடித்தளத்தில் துரு உண்டா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்கலாம். கழற்றிக் காட்டக் கடைக்காரர் தயங்கினால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.